சின்னப் பிழைதானே என்று விடலாமா?

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பே ஒரு கேள்விதான். காற்புள்ளி ஒன்று விடுபட்டால், ஒற்று ஒன்று கூடிப்போனால், றகரம் வர வேண்டிய இடத்தில் ரகரம் விழுந்தால், அப்படி என்ன குடிமுழுகிப் போகிறது? இதற்கு விடை சொல்பவர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். "விஷயம் புரிந்தால் போதாதா?" என்பது ஒரு கட்சி. ஒரு பிழையைக் கண்டாலே தமிழ் அழிந்துவிட்டது என்று கொதிப்பது மற்றொரு கட்சி. மெய்ப்புத் திருத்தும் வேலையிலேயே காலத்தைக் கழித்தவன் என்பதால் நான் இரண்டாவது கட்சிக்காகத்தான் பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். அந்தக் கட்சியில் நான் முழுதாக இல்லை. முதல் கட்சியில் அறவே இல்லை. என் நிலை என்ன என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் கேட்ட கதை ஒன்று உண்டு. அரசன் அனுப்பிய ஆணையில் காற்புள்ளி இடம் மாறிப்போய், விடுதலையாக வேண்டியவன் தூக்குமேடை ஏறினான் என்று சொல்வார்கள். சொல்பவரைப் பொறுத்து அரசனும் நாடும் மாறும். அதைக் கதையாகவே விட்டுவிடுவோம். உண்மையில் நடந்தவையே நமக்கு வேண்டிய அளவு இருக்கின்றன.

1962 ஜூலை 22 அன்று அமெரிக்காவின் கேப் கனாவெரலிலிருந்து வெள்ளிக் கோளை நோக்கி மாரினர் 1 என்ற விண்கலம் புறப்பட்டது. சிறிது நேரத்தில் ராக்கெட் பாதை விலகியது. ஆள் நடமாட்டமுள்ள பகுதியில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக, புறப்பட்ட 293-ஆவது வினாடியில் பாதுகாப்பு அதிகாரியே அதை வெடிக்கச் செய்து அழித்தார். நட்டம் 1 கோடியே 85 லட்சம் டாலர். ஆராய்ந்து பார்த்ததில் தெரியவந்தது இது: வழிகாட்டும் கணக்குகளைக் கணினி நிரலுக்குப் பெயர்த்து எழுதியபோது, ஒரு குறியீட்டின் தலைக்கு மேல் இருக்க வேண்டிய சிறு கோடு விடுபட்டிருந்தது. 'வருகிற அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாதே, சராசரியாக்கி எடுத்துக்கொள்' என்பதற்கான அடையாளம் அந்தக் கோடு. அது இல்லாததால், வழக்கமாக ஏற்படும் சிறு ஏற்ற இறக்கங்களையெல்லாம் பெரிய விலகல் என்று கணினி எடுத்துக்கொண்டு, திருத்த வேண்டிய தேவையே இல்லாத ராக்கெட்டைத் திருத்தத் தொடங்கியது. பத்திரிகைகள் அந்தக் கோட்டை 'ஹைபன்' என்று எழுதின. இன்றுவரை அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இந்த நிகழ்ச்சியைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கு அடுத்த பகுதிதான். அன்று அந்தக் கோடு மட்டும் விடுபடவில்லை. ராக்கெட்டில் இருந்த வானொலி வழிகாட்டுக் கருவியும் விட்டுவிட்டுத்தான் வேலை செய்தது. கருவி ஒழுங்காக இயங்கியிருந்தால் கோடு விடுபட்டது வெளியே தெரியாமலே போயிருக்கக்கூடும். கருவி மட்டும் தடுமாறி, கோடு இருந்த இடத்தில் இருந்திருந்தால் கணினி சமாளித்திருக்கக்கூடும். இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்ததால் கலம் போயிற்று. சிறு பிழைகளின் இயல்பு இதுதான். எழுதிய அன்று அவை யாரையும் ஒன்றும் செய்வதில்லை. வேறொன்று கெட்டுப்போகும் நாளில்தான் அவற்றின் வேலை தெரிகிறது. "இத்தனை நாள் இப்படித்தானே எழுதினோம், என்ன ஆயிற்று?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுவே. பிழையைத் திருத்திக்கொண்டு அதே ஆண்டு ஆகஸ்ட் 27-ல் மாரினர் 2 புறப்பட்டது. டிசம்பர் 14-ல் வெள்ளியை எட்டியது.

ராக்கெட் நமக்குத் தொலைவு. நீதிமன்றம் அவ்வளவு தொலைவில் இல்லை. 1952-ல் அஸ்வினி குமார் கோஷ் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், சட்டத்துக்குப் பொருள் கொள்ளும்போது நிறுத்தக்குறி ஒரு சிறு கூறுதான் என்று கருதியது. வாக்கியத்தின் பொருள் தெளிவாக இருக்கும்போது ஒரு காற்புள்ளிக்காக அதை வளைக்கக் கூடாது என்பது அதன் கருத்து. நியாயமான கருத்து. ஆனால் அதே நீதிமன்றத்துக்கு 1979-ல் முகமது ஷபீர் எதிர் மகாராஷ்டிர அரசு என்ற வழக்கு வந்தது. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 27-ஆவது பிரிவில், விற்பது, இருப்பு வைப்பது, காட்சிக்கு வைப்பது, வழங்குவது என்று குற்றங்கள் வரிசையாக வருகின்றன. ஆங்கில வாசகத்தில் 'இருப்பு வைத்தல்' என்ற சொல்லுக்குப் பின்னால் காற்புள்ளி இல்லை. அந்தச் சொல் அடுத்து வரும் 'காட்சிக்கு வைத்தல்' என்பதோடு சேர்ந்து, 'விற்பனைக்காக' என்ற சொல்லில் போய் முடிகிறது. காற்புள்ளி இருந்திருந்தால் மருந்தை வெறுமனே கையில் வைத்திருந்தாலே குற்றம் என்று வாதாடலாம். அது இல்லாததால், விற்பனைக்காக இருப்பு வைத்தால்தான் குற்றம் என்று நீதிமன்றம் பொருள் கொண்டது, தண்டனை ரத்தாயிற்று. ஒரு மனிதன் சிறைக்குப் போவதா, வீட்டுக்குப் போவதா என்ற கேள்வியில் அந்தச் சிறு குறி சாட்சி சொல்லியிருக்கிறது.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பால் வண்டி ஓட்டுநர்கள் மிகைநேர ஊதியம் கேட்டுத் தொடுத்த வழக்கும் இதே வகைதான். அன்று விலக்கு அளித்த சட்டப் பிரிவின் பட்டியலில் கடைசிச் சொல்லுக்கு முன்னால் ஒரு காற்புள்ளி இருக்கவில்லை. 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓட்டுநர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு நிறுவனம் 50 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது.

"இதெல்லாம் ஆங்கிலத்தில். தமிழில் உம்மும் ஓவும் வேற்றுமை உருபும் இருக்கும்போது நிறுத்தக்குறிக்கு என்ன வேலை?" என்று சில தமிழறிஞர்கள் கேட்பதுண்டு. பாதி உண்மை. பழந்தமிழ்ச் செய்யுள் நிறுத்தக்குறி இல்லாமல்தான் நடந்தது. யாப்பே அதற்கு மூச்சுவிடும் இடத்தைக் காட்டியது. உரைநடைக்கு அந்தத் துணை கிடையாது. "அவர் பேசிக்கொண்டே வந்த பையனை அழைத்தார்" என்று எழுதுங்கள். பேசியது யார்? "அவர் பேசிக்கொண்டே, வந்த பையனை அழைத்தார்" என்றால் பேசியவர் அவர். "அவர், பேசிக்கொண்டே வந்த பையனை அழைத்தார்" என்றால் பேசியவன் பையன். இதில் உம்மும் உதவாது, ஓவும் உதவாது. இதையே ஓர் உயிலில் வைத்துப் பாருங்கள். "என் சொத்து என் மகன் மகள் பிள்ளைகளுக்குச் சமமாகச் சேர வேண்டியது." மகனுக்கும் மகளின் பிள்ளைகளுக்குமா? மகனின் பிள்ளைகளுக்கும் மகளின் பிள்ளைகளுக்குமா? எழுதியவர் மனத்தில் ஒன்றுதான் இருந்திருக்கும். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், உயில் நடைமுறைக்கு வரும்போது அவர் இருக்க மாட்டார்.

என் வாதம் முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. ஒரு பிழை பெரியதா சிறியதா என்பதை அதன் உருவத்தைக் கொண்டு அளக்கக் கூடாது. படிப்பவர் திரும்பக் கேட்க முடியுமா, தவறாகப் படித்தால் அதன் விலையை யார் கொடுப்பார் என்ற இரண்டு கேள்விகளைக் கொண்டே அளக்க வேண்டும். நண்பன் அனுப்பும் குறுஞ்செய்தியில் 'நாளை வறேன்' என்று இருந்தால் யாரும் ஏமாறப் போவதில்லை. சந்தேகம் வந்தால் ஒரு போன் போதும். அதற்கு இலக்கணப் பாடம் நடத்துபவர் நண்பனை இழப்பாரே தவிர, தமிழுக்கு ஒன்றும் சேர்த்துவிட மாட்டார்.

மருந்துச் சீட்டு அப்படியல்ல. 0.5 மில்லிகிராம் என்று எழுத வேண்டியதை முன்னால் சுழியம் இல்லாமல் .5 என்று எழுதி, புள்ளி மங்கலாக விழுந்தால் படிப்பவர் கண்ணுக்கு அது 5. பத்து மடங்கு மருந்து. 1 என்று எழுதினால் போதுமான இடத்தில் 1.0 என்று எழுதினால் 10 என்று படிக்க வழியிருக்கிறது. அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தர அங்கீகாரம் வழங்கும் ஜாயின்ட் கமிஷன், 2004-ல் வெளியிட்ட 'எழுதக் கூடாதவை' பட்டியலில் இந்த இரண்டையும் சேர்த்தது. நம் நாட்டில் 2016-ல் இந்திய மருத்துவக் கவுன்சில் மருத்துவர்களுக்கான நடத்தை விதியைத் திருத்தி, மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாகவும் இயன்றவரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலும் எழுதச் சொன்னது. இங்கே படிப்பவர் மருந்துக் கடைக்காரர். விலை கொடுப்பவர் நோயாளி. எழுதிய கை வேறெங்கோ இருக்கிறது.

பத்திரம் எழுதுபவர்கள் இதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள். தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுவது அவர்கள் மரபு. காசோலையிலும் அப்படித்தான். எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தில் உள்ளதே செல்லும் என்கிறது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு. எண்ணில் ஒரு சுழியம் தவறி விழுவது எளிது. 'ஐம்பதாயிரம்' தவறிப் போய் 'ஐந்து லட்சம்' ஆவது எளிதன்று. பத்திரத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் அந்த இடத்தில் எழுதிக் கொடுப்பவர் கையொப்பமிட வேண்டும் என்பதும் பதிவுச் சட்டத்தில் உள்ள விதி. இத்தனையும் இருந்தும் புல எண்ணின் உட்பிரிவில் ஓர் எழுத்து மாறிவிட்டால், நீங்கள் வாங்கிய மனை காகிதத்தில் பக்கத்து வீட்டுக்காரருடையதாகிவிடும். அதைச் சரிசெய்யப் பிழைதிருத்தல் பத்திரம் எழுத வேண்டும். விற்றவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர் இறந்துவிட்டிருந்தால் அவருடைய வாரிசுகள் அத்தனை பேரையும் தேடிப்பிடித்துக் கூட்டி வர வேண்டும். சார்பதிவாளர் அலுவலக வாசலில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். எழுத்துப் பிழையின் எடை என்ன என்பதை எந்தச் சொற்பொழிவாளரையும்விட அங்கே காத்திருப்பவர்கள் தெளிவாகச் சொல்வார்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா. கணவர் காலமாகிவிட்டார். அவருடைய ஓய்வூதியப் புத்தகத்தில் பெயர் 'லெட்சுமணன்'. இறப்புச் சான்றிதழில் 'லட்சுமணன்'. நிலப் பட்டாவில் 'இலட்சுமணன்'. இவற்றில் எதைப் பிழை என்பீர்கள்? மூன்றும் தமிழ்நாட்டில் புழங்குகிற எழுத்துக்கூட்டல்கள்தான். தென்மாவட்டங்களில் லெட்சுமணன் சாதாரணம். மொழிமுதலில் லகரம் வராது என்ற இலக்கணத்தைக் கருதினால் இலட்சுமணன்தான் சரி. ஆனால் அலுவலகத்தில் இருந்தவர் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பேரு ஒத்துப்போகலையேம்மா. ரெண்டு பேரும் ஒரே ஆளுதான்னு சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வாங்க" என்றார். அந்த அம்மா சொன்னார்: "நாப்பது வருஷம் அவரோடதான் சார் குடித்தனம் பண்ணேன். ரெண்டு ஆளா இருந்தா எனக்குத் தெரியாதா?"

அதற்குப் பதில் சொல்ல அங்கே யாருக்கும் வழி இல்லை. அந்த ஊழியரையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். எழுத்து ஒத்துப்போகாத காகிதத்தில் அவர் கையெழுத்துப் போட்டால் நாளைக்குத் தணிக்கையில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் யார் அலைந்தது? கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம், நடுவில் நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் என்று அலைந்தது எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தெரியாத அந்த அம்மா. பெயரை ஒரு விதமாக எழுதிய குமாஸ்தாவும், இன்னொரு விதமாகத் தட்டச்சு செய்தவரும் ஒரு நாள் கூலியையும் இழக்கவில்லை. ஒற்றைக் கொம்பு ஒன்றுக்காக அந்த அம்மா எத்தனையோ நாள் கூலியை இழந்தார். பிழை செய்தவர் ஒருவர், தண்டம் கட்டுபவர் இன்னொருவர் என்று இருக்கும்வரை 'சின்னப் பிழைதானே' என்று சொல்லும் உரிமை பிழை செய்தவருக்குக் கிடையாது. தண்டம் கட்டுபவர் வேண்டுமானால் மன்னித்துவிட்டு அப்படிச் சொல்லலாம்.

நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுவதில் இந்தத் துன்பம் இன்னும் கூடுதல். தகரத்துக்கு 'டி'யோடு 'எச்' சேர்ப்பதா வேண்டாமா, ழகரத்துக்கு 'எல்' போடுவதா 'இசட் எச்' போடுவதா என்று வீட்டுக்கு வீடு ஒரு வழக்கம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம். அதோடு நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகப் போடுகிறோம். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அதை விரித்தெழுத வேண்டும். விரித்த பெயர் சான்றிதழில் இருக்காது. கடைசியில் அரசிதழில் வெளியிட்டுப் பெயரை நேர்செய்துகொள்ள வேண்டியதாகிறது. பள்ளியில் பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் தயாராகும் அந்த ஒரு வாரத்தில் பெற்றோரையும் பிள்ளையையும் உட்காரவைத்து ஒவ்வோர் எழுத்தையும் சரிபார்க்கும் தலைமையாசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அந்த அரை மணி நேரம் ஒரு பிள்ளையின் ஆயுளுக்கும் உதவுகிறது.

இப்போது பிழை பொறாதவர்களின் கட்சிக்கு வருகிறேன். இவர்களில் பலர் என் நண்பர்கள். மொழி மேல் அவர்களுக்கு உள்ள பற்று உண்மையானது. ஆனால் அவர்கள் கோபம் பல நேரம் தவறான இடத்தில் விழுகிறது. பொங்கல் வந்தால் 'வாழ்த்துகள்'தான் சரி, 'வாழ்த்துக்கள்' தவறு என்று ஆண்டுதோறும் சண்டை. இரண்டு பக்கமும் வாதம் உண்டு. அதைப் படித்து யாரும் ஏமாந்ததில்லை, யாரும் பணம் இழந்ததில்லை. அந்த உழைப்பில் பத்தில் ஒரு பங்கை அரசு அலுவலகப் பலகைகள் மேல் காட்டியிருந்தால் ஊர் உருப்பட்டிருக்கும். இலங்கைத் தமிழர் 'ரிக்கெற்' என்றும் 'யப்பான்' என்றும் எழுதினால் அதைப் பிழை என்று திருத்தப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அது அவர்கள் மரபு. அந்த மரபுக்குள் அதுவே சரி. 1978-ல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன்பு லை, னை, ணா முதலிய எழுத்துகளை வேறு வடிவத்தில்தான் நாம் எழுதினோம். அன்று பிழையில்லாதது இன்று பழைய வழக்கு. விதிகள் நாம் ஒருவரையொருவர் புரிந்துகொள்வதற்காக நாமே வைத்துக்கொண்டவை.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பிழையைக் கொண்டு ஆளை மட்டம் தட்டுவது நம்மிடையே இருக்கிற பழைய நோய். வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் நோட்டில் பக்கம் முழுக்கச் சிவப்பு மையால் கிழித்துவைத்தால், அந்தப் பிள்ளை சந்தி விதியைக் கற்றுக்கொள்வதில்லை. எழுதாமல் இருப்பதைக் கற்றுக்கொள்கிறது. தெருவில் தண்ணீர் வரவில்லை என்று ஒரு பெண் மனு எழுதிக் கொடுக்கிறார். அதில் ஒவ்வொரு வரியிலும் எழுத்துப் பிழை இருக்கிறது. அந்த மனுவைப் படிக்கிறவர் அவரிடம் திரும்பக் கேட்கலாம். அவர் எதிரிலேயே நிற்கிறார். அதற்கு அதிகாரி அனுப்பும் பதில் பிழையில்லாமல் இருக்க வேண்டும். மனு எப்படி இருந்தாலும் ஏற்கப்பட வேண்டும். பொறுப்பு மேலே போகப் போகக் கூட வேண்டும், கீழே வர வரக் குறைய வேண்டும். நம் வழக்கமோ தலைகீழாக இருக்கிறது. எளியவர் பிழையைப் பார்த்துச் சிரிக்கிறோம். பாடநூலிலும் நெடுஞ்சாலைப் பலகையிலும் வரும் பிழையைப் பார்த்துவிட்டுக் கடந்து போகிறோம்.

திரும்பக் கேட்க முடியாத வாசகர் என்றேனே, அதற்குத் தமிழ் வரலாற்றிலேயே பெரிய சான்று இருக்கிறது. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. இன்று நாம் எழுதும் ஏ, ஓ வடிவங்களை 18-ஆம் நூற்றாண்டில் வகுத்துத் தந்தவர் வீரமாமுனிவர். ரகரமும் ஆகாரக் காலும் ஒரே மாதிரி இருக்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. ஆகவே ஏட்டில் இருப்பது 'எரி'யா 'ஏரி'யா, 'தரம்' என்பதா 'தாம்' என்பதா என்பதைப் படிப்பவரே தீர்மானிக்க வேண்டும். நெருப்புக்கும் நீருக்கும் நடுவே அடையாளம் ஒன்றும் இல்லை. போதாததற்கு ஏடு பெயர்த்து எழுதியவர்களின் கைப்பிழை வேறு. சுவடியின் கடைசியில் பிழை பொறுத்தருளுமாறு படிப்பவரை வேண்டிக்கொண்டு முடித்தவர்களும் உண்டு.

அந்த ஏடுகளை வைத்துக்கொண்டுதான் உ.வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியையும், 1892-ல் சிலப்பதிகாரத்தையும், 1894-ல் புறநானூற்றையும் பதிப்பித்தார். ஊர் ஊராகப் போய்ப் பல ஏடுகளைத் தேடி எடுத்து, ஒன்றில் உள்ளதை மற்றொன்றோடு ஒப்பிட்டு, வேறுபட்ட இடங்களைப் பாடபேதம் என்று அடிக்குறிப்பில் காட்டினார். சரியானது எது என்று தமக்குத் தோன்றினாலும் மற்றதை அழித்துவிடவில்லை. நாளை வருகிறவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று வைத்தார். அவருக்கு முந்திய தலைமுறையில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் சொந்தமாக அச்சுக்கூடம் வைத்து, நூல்களைப் பலமுறை பரிசோதித்து வெளியிட்டார். தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளைப் பரவலாகக் கையாண்ட முன்னோடியும் அவரே. அந்தக் காலத்து நூல்களின் கடைசியில் 'பிழையும் திருத்தமும்' என்று ஒரு பட்டியல் இருக்கும். அச்சான பிறகு கண்ட பிழையை மறைக்காமல் பக்க எண்ணோடும் வரி எண்ணோடும் வாசகரிடம் ஒப்படைத்த நேர்மை அது. இன்று அந்தப் பக்கத்தைப் பெரும்பாலான பதிப்பகங்கள் போடுவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். பிழைகள் குறைந்ததால் அது போகவில்லை.

ஏடுகளைப் பற்றிப் பேசுவது பழங்கதை என்று நினைக்காதீர்கள். அதே சிக்கல் கணினிக்குள் வந்திருக்கிறது. 'ஔவையார்' என்ற பெயரைத் தட்டச்சு செய்பவர்களில் பலர் 'ஔ' என்ற ஓர் எழுத்தை அடிக்காமல் 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்துகளை அடிக்கிறார்கள். திரையில் பார்த்தால் பெரும்பாலும் வேறுபாடே தெரியாது. கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். நூலகப் பட்டியலில் ஒருவர் 'ஒளவையார்' என்று ஏற்றிவைத்திருந்தால், சரியாக 'ஔவையார்' என்று தேடும் மாணவிக்கு அந்தப் புத்தகம் இல்லை என்று விடை வரும். புத்தகம் அலமாரியில்தான் இருக்கும். கௌரி, மௌனம், பௌர்ணமி எல்லாவற்றுக்கும் இதே கதி. பழைய எழுத்துருக்களில் இருந்த நூல்களை யூனிகோடுக்கு மாற்றும்போது இப்படிப்பட்ட கலப்புகள் கணக்கில்லாமல் நுழைகின்றன. கண்ணுக்குத் தெரியாத பிழை என்பதால் மெய்ப்புத் திருத்துபவரும் பிடிக்க முடியாது. 'விஷயம் புரிந்தால் போதும்' என்பவர்களுக்கு நான் சொல்வது: உங்களுக்குப் புரிந்துவிட்டது, சரி. இனிமேல் நம் எழுத்தை முதலில் படிக்கப்போவது இயந்திரம். அது நம்மிடம் வந்து "ஐயா, இது ஔவா, ஒளவா?" என்று கேட்காது. இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடும்.

இதற்கெல்லாம் என்ன செய்வது? புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். அச்சகங்களில் நெடுங்காலமாக இருந்த முறையையே மீட்டால் போதும். மூலப் படியை ஒருவர் உரக்கப் படிப்பார். மற்றொருவர் மெய்ப்பைப் பார்த்துக்கொண்டே வருவார். காற்புள்ளி வந்தால் "கமா" என்பார். பத்தி முடிந்தால் "பாரா" என்பார். பெயர்கள் வந்தால் எழுத்து எழுத்தாகச் சொல்வார். எழுதியவர் கண் தான் எழுத நினைத்ததைத்தான் படிக்கும்; காகிதத்தில் உள்ளதைப் படிக்க இன்னொரு கண் வேண்டும். செலவைக் குறைக்கிறோம் என்று முதலில் நிறுத்தியது அந்த இரண்டாவது ஆளைத்தான். மெய்ப்புத் திருத்துபவர் இல்லாமல் நாளிதழ்களும் பாடநூல்களும் வெளிவரலாம் என்று எவரேனும் நினைத்தால் அது தவறான சிக்கனம். அந்தப் பணியிடங்களைத் திரும்ப நிரப்ப வேண்டும் என்பதை இந்த அவையின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

பிழையை நினைத்து அஞ்சி எழுதாமல் இருந்துவிடாதீர்கள் என்று மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் படியில் மனம்போல எழுதுங்கள். கையைவிட்டுப் போகும் படியில் கவனம் வையுங்கள். இ-சேவை மையத்திலும் அச்சகத்திலும் பள்ளி அலுவலகத்திலும் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஒருவருடைய பெயரை, ஊரை, தகப்பனார் பெயரை, பிறந்த தேதியை, புல எண்ணை நீங்கள் தட்டச்சு செய்யும்போது, 'சமர்ப்பி' பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டுங்கள். அவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால் எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டி, பழைய காகிதத்தில் எப்படி இருக்கிறது என்று வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். வெளியே வரிசை நீண்டிருக்கும், அவசரப்படுத்துவார்கள். இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகும். அந்த இரண்டு நிமிடத்தை அவருக்குக் கொடுங்கள்.